பள்ளிக் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் (இங்கிலாந்து)

பள்ளிக் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்பவர், இங்கிலாந்தின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் குழந்தைகளைத் துன்புறுத்தலில் இருந்தும் புறக்கணிப்பில் இருந்தும் காக்கும் பணிக்குத் தலைமை தாங்கும் மூத்த அலுவலர் ஆவார். இப்பொறுப்பை ஏற்பவர் அதற்குரிய தனிப்பயிற்சி பெறுதல் வேண்டும். ஐக்கிய இராச்சியத்தின் ஏனைய பகுதிகளான ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உள்ளன.

வரலாறு

1989 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், ஒரு குழந்தைக்குக் கடுந்தீங்கு நேரக்கூடும் என்ற ஐயம் எழுந்தால் அதனை விசாரிக்கும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களுக்கு அளித்தது. 2002 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 175 ஆம் பிரிவின் மூலம், பள்ளி ஆட்சிக்குழுக்களுக்கும் மாணவர் நலன் காக்கும் கடமையை விதித்தது. 2014 இல் கல்வித்துறை, பள்ளிகள் பின்பற்ற வேண்டிய சட்டபூர்வ வழிகாட்டியை வெளியிட்டது. அது பெரும்பாலும் ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது.

2012 மார்ச்சில் கவென்ட்ரி நகரில் டேனியல் பெல்கா என்னும் 4 வயதுச் சிறுவன், தாயாலும் அவரது துணைவராலும் பட்டினியிடப்பட்டும் அடிக்கப்பட்டும் இறந்தான். அவன் உணவைத் தேடி எடுத்து உண்டதையும் அவன் உடலிலிருந்த காயங்களையும் பள்ளி ஊழியர் கண்டிருந்தனர். ஆயினும் அவை முறையாகப் பதியப்படவில்லை. ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கப்படவும் இல்லை. இதனை 2013 இல் வெளியான மீளாய்வு சுட்டிக்காட்டியது. பலரிடம் சிதறிக் கிடக்கும் சிறு செய்திகளை ஓரிடத்தில் திரட்டுவதே இப்பொறுப்பின் அடிப்படை நோக்கம் ஆகும்.

பொறுப்புகள்

பொறுப்பாளர் பள்ளியின் தலைமைக் குழுவைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும். துணைப் பொறுப்பாளர்களை நியமிக்கலாம். அவர்களும் அதே தரத்திலான பயிற்சி பெறுவர். பணிகளைப் பகிர்ந்தளிக்கலாம் எனினும் இறுதிப் பொறுப்பைப் பிறருக்கு மாற்ற இயலாது. பள்ளி நேரத்தில் பொறுப்பாளரோ துணைப் பொறுப்பாளரோ ஊழியர் அணுகக்கூடிய நிலையில் இருத்தல் வேண்டும்.

ஊழியர் மீதான குற்றச்சாட்டுகள் தலைமையாசிரியரிடமும், தலைமையாசிரியர் மீதானவை ஆட்சிக்குழுத் தலைவரிடமும் தெரிவிக்கப்படும்.

பயிற்சி

பொறுப்பாளர் குறைந்தது 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை பயிற்சியைப் புதுப்பிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்திலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் அறிவை இற்றைப்படுத்த வேண்டும். அனைவருக்குமான ஒரே அரசுப் பாடநெறி கிடையாது; உள்ளூராட்சி மன்றங்களும் தொண்டு நிறுவனங்களும் தனியாரும் பயிற்சி அளிக்கின்றனர். பயிற்சியில் பொதுவாக இடம்பெறுபவை:

• உடல்சார், மனம்சார், பாலியல் துன்புறுத்தல்கள், புறக்கணிப்பு ஆகிய நான்கு வகைகளின் அறிகுறிகள்.
• குழந்தை கூறுவதை இடைமறிக்காது கேட்டல், விடையைத் திணிக்கும் கேள்விகளைத் தவிர்த்தல், இரகசியம் காப்பதாக வாக்களியாமை.
• குழந்தையின் சொற்களையே நாளுடன் பதிதல். எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் எழுதுதல்.
• குடும்பத்துக்குத் தொடக்கநிலை உதவி போதுமா, சமூகப்பணித் துறைக்கு அறிவிக்க வேண்டுமா எனத் தீர்மானித்தல்.
• தரவுக் காப்புச் சட்டம், குழந்தையைக் காப்பதற்காகத் தகவல் பகிர்வதற்குத் தடையன்று என்பதை அறிதல்.
• குழந்தை வேறு பள்ளிக்கு மாறும்போது பாதுகாப்புக் கோப்பை 5 நாட்களுக்குள் அனுப்புதல்.

அறிவிப்பு நடைமுறை

ஐயம் கொள்ளும் ஊழியர் முதலில் பொறுப்பாளரிடம் தெரிவிப்பது வழக்கம். எனினும் எந்த ஊழியரும் நேரடியாகச் சமூகப்பணித் துறைக்கு அறிவிக்கலாம். அறிவிப்பைப் பெற்ற துறை, அடுத்த நடவடிக்கையை 1 வேலைநாளுக்குள் முடிவுசெய்ய வேண்டும். குழந்தையின் நிலை மேம்படவில்லை எனில், பொறுப்பாளர் அதே செய்தியை மீண்டும் வலியுறுத்தி மறுபரிசீலனை கோரலாம்.