வீடே கோயில்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு குடும்பத்தை வாசகருக்கு அறிமுகம் செய்ய வேண்டுமானால், அந்த வீட்டுச் சாமான்களை முதலில் காட்டிவிடுவான். சுவரில் தொங்கும் தாத்தாவின் படம், மூலையில் தூசி படிந்த வீணை, அலமாரியில் பூட்டிக் கிடக்கும் வெள்ளி டம்ளர். இவை போதும், பாதிக் கதை முடிந்தது. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் ஜில்லாவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வசிக்கிறார்கள். அவர்களுடைய வீடுகளைப் பற்றிப் படித்தபோது, என் உத்தி அங்கே செல்லாது என்று தெரிந்துகொண்டேன். வெறும் சுவர், ஜன்னலுக்குப் பச்சைத் திரை, நீண்ட மர மேஜை, பெஞ்சு, அடுப்பு. வீதியில் ஓடும் மின்சாரக் கம்பி அந்த வீட்டுக்குள் நுழைவதில்லை. டெலிவிஷன் இல்லை. சுவரில் குடும்பத்தாரின் புகைப்படம்கூட இல்லை. வாசலில் மோட்டாருக்குப் பதில் குதிரை வண்டி நிற்கும். இல்லாத சாமான்களைக் கொண்டுதான் அந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஏழ்மை என்று எண்ணிவிட வேண்டாம். லங்காஸ்டர் மண் செழிப்புக்குப் பெயர் போனது. பயிரிட்டும், கறவை மாடு வைத்தும், தச்சுப் பட்டறை நடத்தியும் அவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். வாங்க முடியாமல் வாங்காதிருப்பது வேறு. வாங்க முடிந்தும் வேண்டாம் என்பது வேறு. இந்த 'வேண்டாம்' எங்கே பிறந்தது என்று பார்க்க ஐந்நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

1525-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஸூரிச் நகரில், சிலர் ஒரு வீட்டில் கூடிப் புதிதாக ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார்கள். கைக்குழந்தைக்குச் செய்யும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்தவன் தானே விரும்பி ஏற்பதுதான் செல்லும் என்பது அவர்கள் கட்சி. மதமும் அரசும் ஒன்றாய்ப் பின்னிக் கிடந்த காலம் அது. இரண்டு வருஷத்துக்குள், 1527 ஜனவரியில், அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். ஞானஸ்நானம் கேட்டவனுக்குத் தண்ணீரிலேயே தண்டனை! மற்றவர்கள் காட்டிலும் குகையிலும், கதவடைத்த வீடுகளிலும் ஒளிந்து கூடித் தொழுதார்கள்.

அந்தக் கூட்டத்தின் வழியில் வந்த ஒரு பிரிவு, கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது என்று சொல்லி 1693-இல் தனியே பிரிந்தது. அதற்குத் தலைமை வகித்த யாக்கோப் அம்மானின் பெயரால் வந்ததே ஆமிஷ் என்ற பெயர். வில்லியம் பென் 1681-இல் பெற்ற பென்ஸில்வேனியாவில், மதத்துக்காக யாரையும் வதைப்பதில்லை என்ற செய்தி அவர்களையும் எட்டியது. 1737-இல் 'சார்மிங் நான்ஸி' என்ற கப்பலில் பல ஆமிஷ் குடும்பங்கள் பிலடெல்பியாவில் வந்து இறங்கின.

அச்சம் தீர்ந்தது, பழக்கம் தீரவில்லை. இன்றும் ஆமிஷ் மக்களில் பெரும்பாலோர் கோயில் கட்டுவதில்லை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் தொழுகை நடக்கும். பெஞ்சுகள் ஒரு வண்டியில் வீட்டுக்கு வீடு பிரயாணம் செய்யும். பல வீடுகளில் அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்பை எடுத்துவிடலாம். மூன்று அறைகள் ஒரு கூடமாகிவிடும். சுமார் மூன்று மணி நேரத் தொழுகை முடிந்ததும் எல்லாருக்கும் அங்கேயே சாப்பாடு. இருபது, முப்பது, மிஞ்சினால் நாற்பது குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை. கூட்டம் பெருகி வீடு கொள்ளாமல் போனால், சபையை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். வீட்டின் அளவே சபையின் அளவு! கோயிலாகப் போகும் வீட்டில் அலங்காரப் போட்டிக்கு இடம் ஏது?

டெலிபோன் வந்தபோது நடந்ததுதான் மிகச் சுவையானது. முதலில் சில ஆமிஷ் வீடுகளில் அதை வைத்துக்கொண்டார்கள். 1910-ஐ ஒட்டி, லங்காஸ்டர் பெரியவர்கள் கூடி யோசித்து, வீட்டுக்குள் டெலிபோன் கூடாது என்று தீர்மானித்தார்கள். வம்பு வளர்கிறது, நேரில் போய்ப் பார்க்கும் பழக்கம் குறைகிறது. ஆனால் பிரசவ வேளையில் டாக்டரைக் கூப்பிட வேண்டாமா? அதற்கும் வழி கண்டார்கள். பின்னாளில், சந்து முனையில் ஒரு சிறு மரக் கூண்டு வைத்து, நாலைந்து குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு டெலிபோனை அதில் வைத்தார்கள். அவசரத்துக்கு நடந்து போய்ப் பேசலாம். அது மணியடித்து நம்மைச் சாப்பாட்டிலிருந்து எழுப்ப முடியாது.

மின்சாரத்துக்கும் இதே நியாயம். 1920 வாக்கில் வெளிக் கம்பியை மறுத்தவர்கள், பேட்டரியை மறுக்கவில்லை. காஸ் விளக்கை மறுக்கவில்லை. பட்டறை யந்திரங்களை அழுத்திய காற்றால் ஓட்டுகிறார்கள். 'இது என்ன கோணல் கணக்கு?' என்று வெளியார் சிரிப்பதுண்டு. யந்திரத்தின்மேல் அவர்களுக்குப் பகையில்லை. இது உள்ளே வந்தால் வீட்டிலிருப்பவர்கள் சேர்ந்திருப்பார்களா, சிதறுவார்களா? இதுதான் அவர்கள் போடும் கணக்கு.

இதற்கு விலையும் உண்டு. ஞானஸ்நானம் பெற்று வாக்குக் கொடுத்தபின் மீறுகிறவரைச் சபை விலக்கி வைக்கும். சொந்தத் தாயும் அவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடத் தயங்குவாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடுகிறது. விஸ்கான்ஸின் மாநிலத்தில் பிள்ளைகளை அதற்குமேல் அனுப்பாத மூன்று தகப்பன்மார்களுக்குத் தலைக்கு 5 டாலர் அபராதம் விதித்தார்கள். வழக்கு அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1972-இல் தகப்பன்மார்களே ஜெயித்தார்கள். டக்ளஸ் என்ற நீதிபதி மட்டும், 'பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்க வேண்டாமா?' என்ற கருத்தைப் பிரித்து எழுதி வைத்தார். டாக்டராக ஆசைப்படும் ஓர் ஆமிஷ் பெண்ணை நினைத்தால், என் மனம் டக்ளஸின் பக்கம் சாய்கிறது.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. படமில்லாத அந்த வீடுகளில் பலவற்றில் தடித்த புத்தகம் ஒன்று இருக்கும். 1660-இல் ஹாலந்தில் வெளிவந்த தியாகிகளின் சரித்திரம் அது. அதில் டிர்க் வில்லெம்ஸ் என்பவருடைய கதை வருகிறது. சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீரின்மேல் ஓடுகிறார். துரத்தி வந்த காவலன் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுகிறான். டிர்க் திரும்பி வந்து கைகொடுத்துத் தூக்குகிறார். பிடிபட்ட அவரை 1569-இல் உயிரோடு எரித்தார்கள்.

பழங்கதை என்று தள்ளிவிடலாமா? 2006 அக்டோபர் 2-ஆம் தேதி, லங்காஸ்டர் ஜில்லாவில் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில், ஒரே அறை கொண்ட ஆமிஷ் பள்ளிக்கூடத்தில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். பத்துச் சிறுமிகளைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். ஐந்து சிறுமிகள் இறந்தார்கள். அன்றைக்கே ஆமிஷ் மனிதர்கள் அவன் வீட்டாரைத் தேடிப் போய், உங்கள்மேல் எங்களுக்குக் கோபமில்லை என்று சொன்னார்கள். அவனை அடக்கம் செய்த இடத்திலும் போய் நின்றார்கள். அந்தத் துக்க வீட்டுக்கு நடந்து போன கால்கள், ஒருவரையொருவர் நேரில் போய்ப் பார்ப்பதிலேயே தலைமுறை தலைமுறையாகப் பழகிய கால்கள் என்பதை நான் மறக்க முடியவில்லை.

ஐரோப்பாவில் ஆமிஷ் சபை 1937-ஓடு மறைந்துவிட்டது. அமெரிக்காவிலோ 1900-இல் ஐயாயிரம் பேர் அளவில் இருந்தவர்கள், இப்போது 4 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களைப் போல் வாழ நம்மால் முடியாது. முடிந்தாலும் எல்லாருக்கும் அது நல்லதா என்பது சந்தேகமே. ஆனால் புதுச் சாமான் ஒன்று வாசற்படி ஏறும்போது நாம் விலையைக் கேட்கிறோம், எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்கிறோம். இது வந்தபின் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, பிறகு வாங்கினால் என்ன?