விரல் படிக்கும் எழுத்து: புடைப்பட்டையின் கதை



தீபாவளி, பொங்கல் நெருங்கினால் நம் தமிழ்ப்பள்ளிகளில் வாழ்த்தட்டை செய்யும் வேலை களைகட்டிவிடும். மையோ வண்ணமோ இல்லாமல், அட்டையை அழுத்தியே கோலத்தையும் விளக்கையும் புடைத்தெழச் செய்யும் முறையும் அவற்றுள் ஒன்று. மெல்லிய வெள்ளை அட்டை என்றால் வேலை எளிது. ஒளியூட்டிய கண்ணாடியின்மேல் ஸ்டென்சில் தகட்டை ஒட்டி, அதன்மேல் அட்டையைக் கவிழ்த்தால் தகட்டின் விளிம்பு நிழலாகத் தெரியும். உருண்டை முனைக் கருவியால் அந்த விளிம்பை ஒட்டி அழுத்தினால் போதும்.

கருநீல மணிலா அட்டையிலோ தடித்த அட்டையிலோ இது நடவாது. ஒளி ஊடுருவாது. அங்கே செய்யக்கூடியது ஒன்றுதான்: விரலால் தடவித் தடவித் தகட்டின் விளிம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அட்டையின் பின்புறத்தில் மெழுகுத்தாளைச் சற்றே தேய்த்துக்கொண்டால் கருவி வழுக்கிச் செல்லும். ஒரே மூச்சில் அழுத்தாமல் மெல்ல மெல்லப் பலமுறை அழுத்தினால் தாளின் நார் கிழியாது. கண்ணுக்கு அங்கே வேலை குறைவு, விரலே வழிகாட்டுகிறது. இந்தக் கைவினையின் வரலாற்றைத் தேடிச் சென்ற எனக்கு, அது பார்வையற்றோரின் கல்வி வரலாற்றில் கொண்டுபோய் நிறுத்தியதில் வியப்பில்லை.

பாரிசில் வாழ்ந்த வலாந்தேன் ஆவி என்பவர் 1784-ஆம் ஆண்டில், தேவாலய வாசலில் இரந்துகொண்டிருந்த பிரான்சுவா லெசுவர் என்னும் பார்வையற்ற இளைஞனுக்குக் கல்வி கற்பிக்கத் தொடங்கினார். ஒருநாள் ஆவியின் மேசையிலிருந்த இறப்பு அறிவிப்பு அட்டையொன்றை லெசுவர் தடவியபோது, அழுத்தி அச்சிட்டதால் பின்புறம் புடைத்திருந்த எழுத்தை விரலால் அடையாளம் கண்டான் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. தடித்த அட்டையொன்றே ஒரு கல்விமுறைக்கு வித்திட்டது என்று நானும் என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. ஆவி 1785-இல் பார்வையற்ற சிறார்க்கான பள்ளியை நிறுவினார். நனைத்த தாளைப் பெரிய அச்செழுத்துகளின்மேல் அழுத்தி நூல்கள் செய்யப்பட்டன.

அவை பார்வையுள்ளவர் எண்ணத்தில் உருவான நூல்கள். நாம் காணும் வளைவுகளையும் கோடுகளையும் அப்படியே புடைக்கச் செய்தார்கள். ஒவ்வோர் எழுத்தையும் விரல் சுற்றிச் சுற்றித் தடவ வேண்டியிருந்தது. நூல்களோ பெரியவை, கனமானவை. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது: அச்சுப்பொறியும் ஈரத்தாளும் இல்லாமல் மாணவன் தானே ஓர் எழுத்தும் எழுத முடியாது. அவன் படிக்கலாம், பதில் எழுத முடியாது.

1809-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் பிறந்த லூயி பிரெயில், சேணம் தைக்கும் தொழிலாளியின் மகன். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கூரிய கருவியொன்று கண்ணில் பாய்ந்ததால் படிப்படியாகப் பார்வையை இழந்தார். பத்தாம் வயதில், 1819-இல், ஆவி நிறுவிய பள்ளியில் சேர்ந்தார். சார்ல் பார்பியே என்பவர் உருவாக்கிய, பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட ஒலிக்குறி முறை அப்பள்ளிக்கு வந்து சேர்ந்தது. தாளைத் தகட்டில் வைத்து முள்ளால் குத்தும் முறை அது. ஈரம் வேண்டாம், அச்சுப்பொறி வேண்டாம். ஆனால் பன்னிரண்டு புள்ளிகள் ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. பிரெயில் அதை ஆறாகக் குறைத்தார். 1824-இல், தம் பதினைந்தாம் வயதில், முறையின் அடிப்படையை வகுத்து 1829-இல் நூலாக வெளியிட்டார். அதே பள்ளி அம்முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-இல்தான். அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். கண்ணால் பார்க்க அழகாக இல்லாத எழுத்தை ஏற்க ஆசிரியர்களுக்கு அத்தனை காலம் பிடித்தது. நம் தொழிலுக்கு இது பெருமை சேர்க்கும் செய்தியன்று.

தமிழ்நாட்டில், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். இந்திய மொழிகளுக்கு வெவ்வேறு பிரெயில் முறைகள் போட்டியிட்ட காலம் 1951-இல் முடிவுக்கு வந்தது. பாரதி பிரெயில் என்ற பொதுமுறை அவ்வாண்டில் ஏற்கப்பட்டது. தமிழ்ப் பிரெயில் அதன் ஒரு பகுதி.

நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலிக்கத் திருச்சபையினர் 1926-இல் மலாக்காவில் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் பின்னர் பினாங்குக்கு இடம்பெயர்ந்தது. நம் ஜொகூர் பாருவில் பிரின்சஸ் எலிசபெத் பார்வையற்றோர் பள்ளி 1948-இல் தொடங்கப்பட்டது. தொடக்கப்பள்ளி வயதுச் சிறார்க்குரியது அது. அங்கே விரலால் படிக்கக் கற்கும் பிள்ளைகளுள் தமிழ்ப் பிள்ளைகளும் இருப்பர் அல்லவா? மலாய்ப் பிரெயில் கற்ற பிள்ளை தமிழைப் படிக்க, முற்றிலும் புதியதோர் எழுத்துமுறையைக் கற்க வேண்டும் என்றே பல பெற்றோர்கள் எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மை அப்படியன்று.

பாரதி பிரெயிலில் எழுத்துகள் ஒலியை ஒட்டி அமைந்தவை. மலாயில் a, i, u, e, o என்று அப்பிள்ளை அறிந்த வடிவங்களே தமிழில் அ, இ, உ, ஏ, ஓ. k, c, t, n, p, m, y, r, l, v ஆகியவற்றின் வடிவங்களே முறையே க, ச, த, ந, ப, ம, ய, ர, ல, வ. உயிரும் மெய்யும் சேர்ந்த முப்பதில் பதினைந்து! பாதித் தமிழ் நெடுங்கணக்கு அந்தப் பிள்ளையின் விரலில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகக் கற்க வேண்டியவை ழ, ள, ற, ன போன்ற மீதிப் பாதியும் ஆய்தமும் புள்ளியுமே.

இன்னோர் எளிமையும் உண்டு. உயிர்மெய்க்கெனத் தனி வடிவம் கிடையாது. 'கொ' என்று அச்சில் எழுத ககரத்தின் முன்னும் பின்னும் குறியிட வேண்டும். பிரெயிலில் க, ஒ என்று ஒலிக்கும் வரிசையிலேயே வரும். 247 எழுத்துகளை மனனம் செய்யும் நம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டால் பொறாமைப்படுவார்கள். மெய்க்குரிய புள்ளி இங்கும் ஒற்றைப் புள்ளிதான், ஆறு புள்ளிக் கட்டத்தின் வலப்பக்க மேல்மூலையில். ஆனால் அது மெய்யின் தலைமேல் அமராமல் தனிக் கட்டமாக மெய்க்கு முன்னே வரும்.

பெயரட்டை, அலமாரி அடையாள அட்டை, வாழ்த்தட்டை ஆகியவற்றை வீட்டிலேயே செய்யலாம். சாதாரண எழுதுதாளில் புள்ளி விரைவில் நசுங்கிவிடும். தடித்த அட்டையே ஏற்றது. நிறம் எதுவாயினும் விரலுக்கு ஒன்றே. கடையில் மீந்து கிடக்கும் கறுப்பட்டையும் பயன்படும். பிரெயில் தகடும் முள்ளும் இருந்தால் அளவு தானே அமையும். ஒரு கட்டத்துக்குள் புள்ளிக்குப் புள்ளி ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர், உயரம் அரை மில்லிமீட்டர்.

கட்டத்தின் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. 'அம்மா' என்பதற்கு ஐந்து கட்டங்கள்: 1, 4, 1-3-4, 1-3-4, 3-4-5. அட்டையின் பின்புறத்தில் குத்துவதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். அப்போது 1, 2, 3 வலப்பக்கம் அமையும். அட்டையைத் திருப்பினால் எல்லாம் நேராகிவிடும், விரல் இடமிருந்து வலமாகப் படிக்கும்.