கடல் கடந்த வேலையும் கம்பெனிகளின் கடமையும்

மேனாட்டுக் கம்பெனி ஒன்று, தன் பெயர் பொறித்த சட்டைகளைக் கடல் கடந்த நாட்டிலுள்ள வேறொரு முதலாளியிடம் தைத்து வாங்குகிறது. தைக்கும் பெண் அக்கம்பெனியின் ஆள் அல்லள். அவளுக்குச் சம்பளம் கொடுப்பவரும் வேறொருவர். அவளுக்குத் தீங்கு நேருமாயின் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? ஆடைத் தொழிலின் அண்மைக்கால வரலாறு, இவ்வினாவிற்கு விடை தேடிய வரலாறு எனலாம்.

1974ஆம் ஆண்டு முதல், வளரும் நாடுகளிலிருந்து மேனாடுகளுக்குச் செல்லும் ஆடைக்கு ஓர் உடன்படிக்கை அளவு விதித்தது. அந்த அளவை எட்டிய நாட்டினர், அளவு விதிக்கப்படாத நாடுகளைத் தேடினர். தென்கொரியாவின் டேவூ கம்பெனி 1978இல் வங்காள தேசத்தின் தேஷ் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 130 பேர் கொரியா சென்று தொழில் பயின்று திரும்பினர்; அவர்களுட் பலர் பின்னர் வேறு ஆலைகள் தோன்றக் காரணமாயினர். நாளடைவில் அந்நாட்டு ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு ஆடையினால் வருவதாயிற்று. கிராமத்துப் பெண்கள் பலரின் கையில் காசு புழங்கத் தொடங்கியது. இந்நன்மையை மறுத்தல் முறையன்று.

ஆயினும், ஆலைகளின் அவலநிலை மேனாடுகளில் வெளிப்படவே, வாங்குவோர் கண்டித்தனர். 1991இல் லீவை ஸ்ட்ராஸ் கம்பெனியும், 1992இல் நைக் கம்பெனியும் தமக்குப் பொருள் செய்து தருவோர்க்கு நடத்தை விதிகள் வகுத்தன. பிற கம்பெனிகளும் பின்பற்றின. ஆனால், அவ்விதிகள் கம்பெனிகள் தாமே விரும்பி ஏற்றவை. மீறினால் வழக்காட இடமில்லை. தொழிலாளருக்கு அவற்றில் பங்குமில்லை. ஒரு கையால் விதிகளை நீட்டிய கம்பெனிகள், மறு கையால் விலையைக் குறைத்தன, தவணையையும் சுருக்கின.

இதன் விளைவு விரைவில் தெரிந்தது. கராச்சி நகரத்து ஆலை ஒன்று 2012 ஆகஸ்டில் நன்னிலைச் சான்றிதழ் பெற்றது. மறு மாதமே தீப்பற்றி, 250 பேருக்கு மேல் மாண்டனர். அடுத்த ஆண்டு டாக்காவை அடுத்த சவாரில், ரானா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடத்தில் ஏப்ரல் 23ஆம் நாள் விரிசல் கண்டது. அங்கிருந்த வங்கி தன் ஊழியரை அனுப்பிவிட்டது. ஐந்து ஆடையாலைகளின் தொழிலாளரோ மறுநாள் காலை வேலைக்கு ஏவப்பட்டனர். கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தனர். அவ்வாலைகளுள் ஒன்றிலேனும் தொழிற்சங்கம் இல்லை. ஆதலின், “உள்ளே செல்லோம்” என்று ஒருமித்துச் சொல்ல அவர்களுக்கு வழியில்லாமற் போயிற்று.

அவ்வாண்டு மே மாதத்தில், கம்பெனிகளும் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் இரண்டும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமொன்றில் கையெழுத்திட்டன. இருநூறுக்கு மேற்பட்ட கம்பெனிகள் அதில் சேர்ந்தன. ஏறத்தாழ 1,600 ஆலைகளைப் பொறியாளர் சோதித்தனர். கண்ட குறைகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையும் தொழிலாளர்க்குக் கிட்டியது. வாக்குத் தவறியதாகச் சங்கங்கள் 2016இல் இரு கம்பெனிகள்மீது வழக்குத் தொடுத்தன. அவற்றுள் ஒன்று, 23 இலட்சம் அமெரிக்க வெள்ளி கொடுக்க இசைந்து, 2018 சனவரியில் சமரசம் செய்துகொண்டது. வெறும் நல்லெண்ண விதிகளால் இது கைகூடியிராது.

பின்னர் 2017இல் பிரான்சும், 2021இல் ஜெர்மனியும் பெருங் கம்பெனிகளின் அயல்நாட்டுப் பொறுப்பைச் சட்டமாக்கின. தமிழ்நாட்டுத் திண்டுக்கல்லில், பெண் தொழிலாளரைப் பாலியல் கொடுமையினின்று காக்க 2022இல் ஏற்பட்ட உடன்பாடும் இவ்வழி வந்ததே.

எனினும் கட்டடம் உறுதியானால் மட்டும் போதாது. சட்டைக்குக் கொடுக்கும் விலை, தைத்தவளின் வாழ்வுக்குப் போதுமான கூலியைத் தாங்குகிறதா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. கொடையாக வரும் அறம் கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடும். உடன்படிக்கையாக வருவதோ கேட்டுப் பெறத்தக்கது. இந்த வேற்றுமையை மாணவர்க்கு உணர்த்துவது வரலாற்றுப் பாடத்தின் பயன்களுள் ஒன்றாகும்.