வதிவிடமும் புகையிரதச் சீட்டும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1880ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது கடந்து செல்லும் மஹய்யாவையில், நகரத் துப்புரவுப் பணிக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்டோரின் வழிவந்தோர் இன்றும் வாழ்கின்றனர். அவர்களுடைய வரலாறும் தோட்டத் தொழிலாளரின் வரலாறும் கடலுக்கு இருகரையிலும் ஓடிய புகைவண்டியோடு பிணைந்தவை.

ஐரோப்பாவிற் பல நாடுகளுக்கும் செல்லத்தக்க புகையிரதச் சீட்டுகள் உண்டு. 1959இல் தோன்றிய யூரெயில் சீட்டு அக்கண்டத்துக்கு வெளியே வதிவோர்க்கு உரியது. 1972இல் வந்த இன்டர்ரெயில் அங்கு வதிவோர்க்கு உரியது. பின்னையதைச் சொந்த நாட்டிற் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடும் உண்டு. இங்கே நோக்கப்படுவது பிரசாவுரிமையன்று, வதிவிடமே. அவ்விதியால் ஒருவர் இழப்பது சிறிது பயணச் சலுகை மட்டுமே.

இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தோரும் ஒருவகைச் சீட்டுடனேயே வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கிலிருந்த அச்சீட்டு ஒரு தகரத் துண்டு. தோட்டத்தின் அடையாள எண் பொறித்த அத்துண்டை உடையவரைத் தோட்டத்தின் செலவிலே கொண்டு சேர்த்தனர். பெயரில்லாத சீட்டு அது! 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பல் ஓடத் தொடங்கவே, ஊருக்குப் போய் மீளுதல் எளிதாயிற்று. கண்டியில் வண்டியேறுவோர் பொல்காவலை, மாகோ, அனுராதபுரம் வழியாகத் தலைமன்னாரை அடைவர். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் பெற்றோரைக் காண்பதற்கும் இவ்வாறு போய்வந்தனர்.

அப்பயணமே பின்னர் வினாவுக்குள்ளாயிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டப்படி, 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வதிந்திருத்தல் வேண்டும். ஒருமுறை பன்னிரண்டு திங்களுக்கு மேற் சென்றிருந்தால் அத்தொடர்ச்சி அறும். மனைவி மக்களின் வதிவிடமும் ஆராயப்பட்டது. பிறப்புப் பதிவோ பழைய பற்றுச்சீட்டோ பேணும் வழக்கமில்லாத லயத்து மக்கள் எதைக் காட்டுவர்? ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன. அவற்றில் அடங்கியோர் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர். பதிவு பெற்றோர் சுமார் 1,34,000 பேரே.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் வகுத்தது. இவ்வாறு வகுக்கப்பட்டோரிற் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. போய்மீண்ட பாதையிலேயே, இம்முறை மீளாது செல்லும் குடும்பங்கள் மூட்டைகளுடன் ஏறின. 1984இல் அக்கப்பற் சேவையும் நின்றது.

எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை அளித்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வதிந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அதற்கு உரியராயினர். போரின் காரணமாகத் தமிழ்நாட்டு முகாம்களில் தங்கியோர் அவ்வதிவிட விதியால் விலக்குண்டனர். அவர்களுக்காக 2009இல் அச்சட்டம் திருத்தப்பட்டது.