கொம்யூன்: ஒரு வேர், பல கிளைகள்

புதுவையிலிருந்து விழுப்புரம் நோக்கிச் செல்வோர், வழியில் வில்லியனூரின் உள்ளாட்சி அலுவலகப் பெயர்ப்பலகையில் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்னும் தொடரைக் காண்பர். தெற்கே பாகூரிலும் அதே தொடர்தான். தமிழகத்து ஊராட்சி ஒன்றியத்திற்கு ஏறத்தாழ இணையான அமைப்பு இது. பிரெஞ்சு விட்டுச்சென்ற சொல்லெனினும், ஆங்கிலத்திலும் 'கம்யூன்' என அன்றாடம் வழங்குவதே.

பலருக்கும் பொதுவானது என்று பொருள்படும் 'கொம்முனிஸ்' என்ற இலத்தீன் சொல்லே இதற்கு வேர். ஆங்கிலத்தின் காமன், கம்யூனிட்டி, கம்யூனிசம், கிறிஸ்தவர்தம் நற்கருணையைக் குறிக்கும் கம்யூனியன் யாவும் அவ்வேரில் கிளைத்தவை. ஒன்றாக உழைத்து ஒன்றாக உண்டு வாழும் குழுவும் கம்யூன். மனம் ஒன்றி உரையாடுதலும் கம்யூன். 1871இல் பாரிஸ் தொழிலாளர் 72 நாள் நடத்திய ஆட்சிக்கும் அதுவே பெயர்; 1958இல் சீனம் அமைத்த கூட்டுப் பண்ணைகளுக்கும் அதுவே பெயர். நமக்கு இது வியப்பன்று. தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்போரையும் ஜமாஅத் என்கிறோம். மஹல்லாவின் வரவு செலவையும் வழக்கையும் கவனிக்கும் சபையையும் ஜமாஅத் என்கிறோம். ஒன்று சேர்த்தல் என்னும் அரபு வேர் இரண்டிற்கும் பொது. ஜும்ஆவும் அதன் கிளையே.

ஆனால் இலத்தீன் வேரின் ஒரு கிளை இந்திய மண்ணில் தலைகீழாய் வளர்ந்தது. இங்கிலாந்தில் 'கம்யூனல்' சமையலறை என்றால் எல்லோருக்கும் பொதுவான சமையலறை. அதே சொல் இங்கே, ஒரு வகுப்பார்க்கு மட்டும் உரியது என்ற பொருளைப் பெற்றது. 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகளை அளித்தது. 1932இல் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்ட் வழங்கிய தீர்ப்பு 'கம்யூனல் அவார்டு' என்றே பெயர் பெற்றது. பிறகு நாளேடுகளில் இச்சொல் கலவரம் என்ற சொல்லோடு கைகோத்து வரலாயிற்று. எனினும் இதனை வெறும் பழிச்சொல்லாகத் தள்ளிவிடுவதும் நீதியாகாது. சென்னை மாகாணத்தின் 'கம்யூனல் ஜி.ஓ.', அதாவது வகுப்புவாரி ஆணை, 1927இல் பன்னிரண்டு பதவிகளை ஒரு தொகுதியாக்கி, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 எனப் பங்கிட்டது. அலுவலக வாசலையே மிதித்தறியாத பல குடும்பங்களுக்குக் கதவு திறந்தது அந்தக் 'கம்யூனல்' தான். 1951இல் உச்ச நீதிமன்றம் அவ்வகை ஆணையைச் செல்லாதென்றது. அதன் விளைவாகவே அரசியலமைப்பின் முதல் திருத்தம் பிறந்தது.

வில்லியனூரும் பாகூரும் அன்று இந்த மாகாணத்திற்கு வெளியே, பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. பிரெஞ்சு ஊர்களும் ஆங்கிலேய ஊர்களும் ஒன்றிலொன்று ஊடுருவிக் கிடந்த நிலப்பரப்பு அது. வரப்புக்கு அப்பால் 'கம்யூனல்' என்றால் வகுப்புப் பிரிவு. இப்பால் 'கொம்யூன்' என்றால் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எனப் பாராது ஓரிடத்தில் வாழ்வோர் அனைவரையும் உள்ளடக்கிய நகரசபை.

1880ஆம் ஆண்டு ஆணையால் இந்நகரசபைகள் தோன்றின. வில்லியனூரும் பாகூரும் முதற்பட்டியலிலேயே இடம்பெற்றன. 1907இல் பிரெஞ்சிந்தியா முழுதும் கொம்யூன்கள் பதினேழாயின. தலைவர் 'மேர்', அவர் அமரும் மாளிகை 'மேரி' எனப் புதுவைத் தமிழும் இச்சொற்களை ஏற்றது. இதனால் பிரெஞ்சுக்காரர் கலப்பற்ற சமத்துவம் வழங்கினர் என்று எண்ணிவிடலாகாது. வாக்காளரை ஐரோப்பியர், இந்தியர் எனப் பட்டியல் பிரித்தவர்களும் அவர்களே. 1884இல் பட்டியல் மூன்றாயிற்று. தம் சமய, சாதிவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற இந்தியர்க்குத் தனிப் பட்டியல்! இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே ஒரே பட்டியல் வந்தது. பெயரளவில் பொது, வாக்குச் சாவடியில் பிரிவு என்பதே நெடுங்கால நிலை.

உழவரிடத்தில்தான் அச்சொல் தன் மூலப்பொருளோடு பழகியது எனலாம். ஏரியையும் வாய்க்காலையும் பேண உழவர்கள் திரட்டிய பொது நிதிக்கு 'கேஸ் கொம்யூன்' என்று பெயர். ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரியைக் கொண்ட பாகூரில், மதகும் கரையும் எவர் ஒருவருக்கும் தனியுடைமையாக முடியுமா?

இந்தக் கொம்யூன்களின் உறுப்பினர்கள் ஒருநாள் நாட்டின் தலைவிதியையே எழுத நேர்ந்தது. 1948இல் பிரெஞ்சு அரசு, எதிர்காலத்தை மக்களே முடிவு செய்வர் என்று வாக்களித்திருந்தது. 1954 மார்ச்சில் புதுவையின் மேர்கள் இந்தியாவுடன் இணையத் தீர்மானம் இயற்றினர். நெட்டப்பாக்கத்தில் குபேர் இந்தியக் கொடியை ஏற்றினார். அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், சட்டசபையினரும் கொம்யூன் உறுப்பினரும் 178 பேர் கூடினர். இணைப்புக்கு 170 வாக்கு, எதிராக 8. நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவுற்றது.

ஆட்சி மாறியும் சொல் மாறவில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டம் 'கொம்யூன்' என்பதன் பின்னே 'பஞ்சாயத்து' என்பதைச் சேர்த்தது, அவ்வளவே. புதுவையில் ஐந்து, காரைக்காலில் ஐந்து என அவை பத்தாயின. ஆனால் நாட்டின் இணைப்பையே முடிவு செய்த இந்த மன்றங்களுக்கு 1968இல் நடந்த தேர்தலுக்குப் பின், 2006இல்தான் அடுத்த தேர்தல் வந்தது. இடையே முப்பத்தெட்டு ஆண்டுகள். முதல் தேர்தலில் வாக்களித்தவரின் பேரப்பிள்ளைகள் இரண்டாம் தேர்தலில் வாக்களித்தனர்.