நிறுவனப் பாடத்திட்டமும் பல்கலைக்கழகப் பட்டமும்: சிஸ்கோ வலையமைப்புக் கல்வியின் மாற்ற வரலாறு (1997–2020)

முன்னுரை

பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படும் பாடத்தை அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களே வகுப்பர் என்பது உயர்கல்வியின் நெடுங்கால மரபு. கணினி வலையமைப்புத் துறையில் இம்மரபு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தளரத் தொடங்கியது. கருவியை உற்பத்தி செய்யும் நிறுவனமே பாடநூலையும் ஆய்வுகூடப் பயிற்சியையும் தேர்வையும் எழுதிக் கொடுக்க, பல்கலைக்கழகம் அவற்றைத் தன் பட்டப்படிப்பின் ஓர் அங்கமாக ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட பாடத்தை நிறுவனம் மாற்றும்போது பட்டத்துக்குப் பொறுப்பானவர் யார் என்ற வினா அப்போது எழுந்தது. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாதெமியின் பாடத்திட்டப் பதிப்புகளை முதன்மைச் சான்றாகவும் பிரித்தானியப் பல்கலைக்கழக நடைமுறையைக் களமாகவும் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

நிறுவனங்கள் சான்றிதழ் வழங்கும் வழக்கம் சிஸ்கோவுடன் தொடங்கியதன்று. நாவெல் நிறுவனம் தன் நெட்வேர் மென்பொருளை நிருவகிப்போருக்கு 1980களின் இறுதியிலிருந்தே சான்றிதழ் வழங்கிவந்தது. சிஸ்கோ 1993இல் உயர்நிலை வல்லுநருக்கான சிசிஐஇ சான்றிதழையும், 1998இல் தொடக்கநிலைக்கான சிசிஎன்ஏ சான்றிதழையும் அறிமுகப்படுத்தியது. இவ்விரண்டுக்கும் இடையே, 1997 அக்டோபரில், அமெரிக்காவின் ஏழு மாநிலங்களைச் சேர்ந்த 64 கல்வி நிறுவனங்களுடன் நெட்வொர்க்கிங் அகாதெமி தொடங்கப்பெற்றது.

அதன் தொடக்க நோக்கம் பள்ளிகளைச் சார்ந்தது. பள்ளிகளில் நிறுவப்பட்ட வலையமைப்புகளைப் பராமரிக்க ஆள் இல்லாத நிலையில், மாணவரையே அதற்குப் பயிற்றுவிக்கும் முயற்சியிலிருந்து இத்திட்டம் வளர்ந்தது. ஆதலின் 280 மணி நேரப் பாடம் நான்கு அரையாண்டுகளாகப் பகுக்கப்பட்டது. இப்பகுப்பு பள்ளி நாட்காட்டிக்கு ஏற்றது. பல்கலைக்கழகங்கள் இதனை ஏற்றபோது நான்கு பகுதிகளையும் தம் பாட அலகுகளுக்குள் பொருத்தின. பிரித்தானியாவில் 15 புள்ளி அலகுகள் நான்காகவோ 30 புள்ளி அலகுகள் இரண்டாகவோ அமைப்பது எளிதாயிற்று. திறந்த பல்கலைக்கழகம் 60 புள்ளி கொண்ட தொலைக்கல்வி அலகாகவே அதனை வழங்கியது.

இரு கால அளவைகள்

கல்வித்துறையின் பாடத்திட்ட மாற்றம் மெதுவாக நிகழ்வது. கணினியியலுக்கு ஏசிஎம் அமைப்பு வெளியிட்ட பாடத்திட்டப் பரிந்துரைகள் 1968, 1978 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. ஐஇஇஇ அமைப்புடன் இணைந்து வெளியிட்டவை 1991, 2001, 2013 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. இவற்றின் இடைவெளி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். பல்கலைக்கழகத்திற்குள் ஓர் அலகின் கற்றல் விளைவுகளை மாற்றவேண்டுமாயின் துறைக்குழு, புறத்தேர்வாளர், கல்விக்குழு ஆகியோரின் ஒப்புதல் வேண்டும். அதற்கு ஒரு கல்வியாண்டு கழிவதும் உண்டு.

நிறுவனத்தின் கால அளவை வேறு. 2003இல் மூன்றாம் பதிப்பு வந்தது. 2007இல் அது டிஸ்கவரி, எக்ஸ்ப்ளொரேஷன் என்ற இரு பிரிவுகளாயிற்று. முன்னது தொழிற்பயிற்சி நோக்கினது. பின்னது கோட்பாட்டுச் சார்புடையது, உயர்கல்விக்கென அமைந்தது. 2013இல் ஐந்தாம் பதிப்பு இரண்டையும் நீக்கி ஒரே பாடமாக்கியது. ஆறாம் பதிப்பு மூன்று நான்கு ஆண்டுகளிலும், ஏழாம் பதிப்பு 2020ஐ ஒட்டியும் வந்தன. மூவாண்டுப் பட்டப்படிப்பில் சேரும் மாணவர் ஒரு பதிப்பில் தொடங்கி மற்றொரு பதிப்பில் முடிப்பது இதனால் இயல்பாகிவிட்டது.

உள்ளடக்க மாற்றத்தின் இயல்பு

தொடக்கப் பதிப்புகளில் டோக்கன் ரிங், ஐஎஸ்டிஎன், நாவெல் நெறிமுறையான ஐபிஎக்ஸ் ஆகியவை இடம்பெற்றன. அவை ஒவ்வொன்றாக மறைந்தன. சிஸ்கோவின் சொந்த நெறிமுறையான ஐஜிஆர்பி 2007க்குப் பின் தனிப்பாடமாக இல்லை. சிசிஎன்ஏ தேர்விலிருந்து ஃபிரேம் ரிலே 2016இலும் இஐஜிஆர்பி 2020இலும் நீங்கின. கம்பியில்லா வலையமைப்பு, ஐபி ஆறாம் பதிப்பு, நிரல்வழித் தன்னியக்கம் ஆகியவை உட்புகுந்தன.

இம்மாற்றங்களை நிறுவன நலனின் விளைவு என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. பல பல்கலைக்கழகங்கள் தாமாக எழுதிய பாடங்களில் தன்னியக்கத்தைச் சேர்க்கப் பல ஆண்டுகள் எடுத்திருக்கும். புதிய பதிப்பு அவற்றை விரைந்து முன்னோக்கித் தள்ளியது. எனினும் நிறுவனப் பாடம் எப்போதும் காலத்துக்கு முற்பட்டதாக இருந்ததெனவும் கொள்ளுதல் இயலாது. இணைய முகவரிகளை ஏ, பி, சி என வகுக்கும் முறையைக் கைவிட்டு வகுப்பற்ற வழியிடலை இணையப் பொறியாளர் குழு 1993இல் வரையறுத்தது. ஆயினும் வகுப்புவாரி முகவரி பத்தாண்டுக்குப் பின்னரும் அகாதெமிப் பாடத்தில் முதன்மையிடம் பெற்றிருந்தது. கைவிடப்பட்டதை முதலில் கற்று, நடப்பிலுள்ளதைப் பின்னர் திருத்தமாகக் கற்கும் நிலை மாணவருக்கு நேர்ந்தது.

மாற்றத்தின் சுமை

பதிப்பு மாறும்போது நூல் மட்டும் மாறுவதில்லை. ஆய்வுகூடத்தின் பழைய திசைவிகளின் நினைவகம் புதிய இயங்கு மென்பொருளுக்குப் போதாமற் போயிற்று. 2500 வரிசைத் திசைவிகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆசிரியர் மீண்டும் பயிற்சி பெறவேண்டியிருந்தது. தொடக்கத்தில் இப்பயிற்சி மூன்றடுக்கு அமைப்பில் மேலிருந்து கீழாக வழங்கப்பட்டதால், கீழடுக்கிலிருந்த உள்ளூர் அகாதெமிகள் தம் முறைவரக் காத்திருந்தன. இயல் இறுதித் தேர்வுகளின் வினாவிடைகள் விரைவில் பொதுவெளியில் பரவியமையால், அவற்றின் மதிப்பெண்ணைப் பட்டத்துக்குரிய மதிப்பெண்ணாகக் கொள்வதும் ஐயத்துக்குரியதாயிற்று.

2020ஆம் ஆண்டு இச்சுமையைத் தெளிவாகக் காட்டியது. ஏழாம் பதிப்பு நான்கு பகுதிகளை மூன்றாகச் சுருக்கியது. நான்கு எனும் எண்ணை நம்பி அமைத்த பல்கலைக்கழக அலகுகளுக்குள் மூன்று பகுதிகள் சமமாகப் பொருந்தவில்லை. பழைய சிசிஎன்ஏ தேர்வு பிப்ரவரி 23ஆம் நாளுடன் முடிந்தது. மறுநாள் புதியது தொடங்கியது. அவ்விளவேனிலில் ஆறாம் பதிப்பைக் கற்றுக்கொண்டிருந்த மாணவர், தம் பாடத்துக்கு நேரான தேர்வு இல்லாத நிலையில் எஞ்சினர். சில வாரங்களில் பெருந்தொற்றினால் ஆய்வுகூடங்களும் தேர்வு மையங்களும் மூடப்பட்டன.

சட்டமும் பொறுப்பும்

பிரித்தானியாவில் இதற்குச் சட்டக்கூறும் உண்டு. போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2015 மார்ச்சில் உயர்கல்வி நிறுவனங்களுக்கு வழங்கிய அறிவுரை, பாடம் பற்றிய முக்கியத் தகவலை மாணவருக்கு முன்கூட்டியே தெளிவாகத் தருமாறும், பாடத்தை மாற்றும் உரிமையை விரிவாகத் தமக்கென வைத்துக்கொள்ளும் விதிகள் நியாயமற்றவையாகக் கருதப்படலாம் எனவும் கூறியது. அவ்வாண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மாணவரின் ஒப்பந்தம் பல்கலைக்கழகத்தோடு; நிறுவனத்தோடு அன்று. ஆகவே நிறுவனம் செய்த மாற்றத்துக்கும் மாணவர்முன் விடைகூற வேண்டியது பல்கலைக்கழகமே.

இந்நிலைக்குத் தக்க நடைமுறைகள் மூன்று. முதலாவது, அலகின் கற்றல் விளைவுகளில் நிறுவனப் பெயரையும் பதிப்பெண்ணையும் தவிர்த்து, கருத்தையும் திறனையும் மட்டும் எழுதுதல். ‘இஐஜிஆர்பியை அமைத்தல்’ என எழுதிய அலகு 2020இல் திருத்தம் வேண்டியது. ‘இயங்குநிலை வழியிடல் நெறிமுறையொன்றைத் தேர்ந்து அமைத்தல்’ என எழுதியது அவ்வாறு வேண்டவில்லை. இரண்டாவது, தொடங்கிய அணியைத் தொடங்கிய பதிப்பிலேயே முடிக்கவிடுதல். பழைய பதிப்பு விலக்கப்படும் நாளைச் சேர்க்கைக்கு முன்பே கணக்கிடுதல். மூன்றாவது, பட்டத்துக்குரிய மதிப்பீட்டைப் பல்கலைக்கழகமே எழுதி, சான்றிதழ்த் தேர்வை மாணவரின் விருப்பத்துக்கு விடுதல்.

முடிவுரை

நிறுவனப் பாடத்தை முற்றிலும் விலக்கிய பல்கலைக்கழகம் விலை மிகுந்த ஆய்வுகூடப் பயிற்சியையும், வேலைவாய்ப்பில் மாணவருக்குக் கிட்டும் அடையாளத்தையும் இழக்கும். முற்றிலும் ஏற்றது தன் பட்டத்தின் பொருளை வரையறுக்கும் உரிமையை இழக்கும். இருபத்துமூன்று ஆண்டு வரலாறு காட்டுவது இதுவே: பதிப்புகள் மாறியபோதும் அடுக்குமுறை, முகவரியிடல், வழியிடல், பிழை கண்டறிதல் ஆகியவை நிலைத்தன, கட்டளைகளும் கருவிகளும் பெயர்களும் மாறின. நிலைப்பதைத் தன் பொறுப்பிலும் மாறுவதை நிறுவனத்தின் பொறுப்பிலும் வைக்கும் பல்கலைக்கழகமே மாற்றத்தை நிருவகிக்கிறது.

தமிழில் வலையமைப்புப் பாடங்களும் கலைச்சொற்களும் ஆக்குவோர்க்கும் இப்பாகுபாடு பயன்படும். நெறிமுறை, முகவரி, வழியிடல் போன்ற கருத்துச் சொற்களில் செலவிடும் உழைப்பு பல பதிப்புகளைக் கடந்து நிற்கும். ஒரு நிறுவனத்தின் ஒரு பதிப்பை வரிக்குவரி தமிழாக்கும் முயற்சியோ, அச்சேறும் முன்பே பழையதாகிவிடும் இடருக்கு உட்பட்டது.