மாரிக்குப்பத்திலிருந்து குன்னூர்: வெறிநாய்க்கடியும் தங்கவயல் தொழிலாளரும்

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் சுரங்கத்தின் ஆழத்தை வைத்தே எழுதப்படுகிறது. பாறைவெடிப்பும் சிலிக்காத் தூசியும் அதில் இடம்பெறுகின்றன. மைசூர் மைன்ஸ் 'லைன்'களில் நெருக்கியடித்து வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு நிலத்தின் மேலும் ஆபத்துகள் இருந்தன. அவற்றுள் ஒன்று வெறிநாய்க்கடி.

1885இல் பாஸ்டர் தம் சிகிச்சையை மனிதரிடம் முதன்முதலாகக் கையாண்டார். முயலின் முதுகுத்தண்டை நாள்தோறும் உலர்த்தித் தயாரித்த மருந்து அது. ஆகவே நோயாளிதான் நிலையத்தைத் தேடிப் போக வேண்டும். இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் 1900இல் இமயமலைச் சாரலின் கசௌலியில் அமைந்தது. தென்னிந்தியருக்கு அது எட்டாத தூரம். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண் வெறிநோயால் இறந்த பிறகே தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டுமென்ற கோரிக்கை வலுத்தது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடையும் சேர, 1907இல் குன்னூர் நிலையம் இயங்கத் தொடங்கியது. பெயரறியா எத்தனையோ கூலிகளின் சாவு அசைக்காததை ஓர் ஐரோப்பியரின் சாவு அசைத்தது என்பது காலனிய மருத்துவ வரலாற்றில் புதிதல்ல.

மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை, ஜோலார்பேட்டை, ஈரோடு, மேட்டுப்பாளையம் எனத் தொடர்வண்டி மாறி மலையேறியாக வேண்டும். நோய் வெளிப்படப் பெரும்பாலும் சில வாரங்கள் ஆகும் என்பதால் பயணத்துக்குக் காலம் இருந்தது. நாட்கூலியை இழந்து இரு வாரம் வெளியூரில் தங்க வழியிருந்ததா என்பதே கேள்வி.

கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய தடுப்பு மருந்து இந்நிலையை மாற்றியது. ஆட்டுமூளையில் வளர்த்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்த மருந்து அது. அதை ஊர்களுக்கு அனுப்ப முடிந்ததால் காலப்போக்கில் உள்ளூர் மருத்துவமனைகளிலேயே ஊசி கிடைத்தது. 'தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி' என்று இன்றும் முதியோர் அஞ்சிச் சொல்வது இதைத்தான். அச்சம் வீணன்று, மூளைத்திசு கலந்த அம்மருந்தே அரிதாகச் சிலருக்குப் பக்கவாதத்தை விளைவித்தது. வலிக்கு அஞ்சிப் பாதியில் நிறுத்தியோர் காப்பிழந்தனர்.

சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. ஆட்டுமூளை மருந்து இந்தியாவில் கைவிடப்பட்டதோ 2004 இறுதியில்தான். சுரங்கக் கூலியாக ஓய்வுபெற்ற தலைமுறைகளுக்கு, கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, கையில் நான்கைந்து ஊசியோடு திரும்பும் இன்றைய எளிமை வாய்க்கவில்லை.